பதினாறடி அகலத்தில் ஒரு வீடு: வாசகர் கேள்வி – பதில்

முகப்பு பதினைந்து, பதினாறடி. நீளம் எண்பது, நூறடி. இரண்டு பக்கமும் ஒட்டி வீடு. காவிரிப் படுகையின் பழைய தெருக்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே சங்கதியைச் சுற்றி இருந்ததால், இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் மனை 16 அடி அகலம், 90 அடி நீளம், வடக்குப் பார்த்தது. பழைய ஓட்டு வீட்டை இறக்கிவிட்டோம். இன்ஜினியர் போட்டுக் கொடுத்த பிளானில் முற்றம் கிடையாது. ஒரு ஓரமாக மூன்றடி நடை நீள ஓடுகிறது. அதையொட்டி வரிசையாக அறைகள். “முற்றம் இடத்தைத் தின்றுவிடும், மாடித் தளத்தில் ஒரு கண்ணாடி பதித்தால் வெளிச்சம் வந்துவிடும்” என்கிறார். மாமியாரோ முற்றம் இல்லாமல் வீடா என்று கேட்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மாமியார் சொல்வதுதான் சரி. பழக்கத்துக்காகச் சொல்லவில்லை, டேப்பைப் பிடித்துப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது.

உங்கள் மனை சரியாகப் பத்துக் குழி. (தஞ்சைப் பக்கத்துக் குழி 144 சதுர அடி.) 16 அடி என்பது 192 அங்குலம். இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலச் சுவர், அதற்குப் போவது 18. அண்டை வீட்டுச் சுவரில் ஒட்டாமல் பக்கத்துக்கு ஓர் அங்குலம் விடுவது 2. உள்பூச்சு இரண்டு பக்கமும் சேர்த்து 1. மிச்சம் 171 அங்குலம், அதாவது 14 அடி 3 அங்குலம். பிளானில் “16 அடி” என்று எழுதியிருந்தாலும் நீங்கள் புழங்கப்போவது இந்த அளவில்தான். இதில் மூன்றடி நடையும், பூச்சோடு சேர்த்து ஐந்தரை அங்குலம் பிடிக்கும் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரும் போக, அறைக்குக் கிடைப்பது 10 அடி 9½ அங்குலம். படுக்கையறைக்கு அது போதும். தகராறு அறையில் இல்லை, நடையில்.

கட்டடம் 60 அடி நீளம் என்று வையுங்கள். மூன்றடி நடை 60 அடி ஓடினால் 180 சதுர அடி, ஒன்றேகால் குழி. அதில் உட்கார முடியாது, படுக்க முடியாது, பகலிலும் விளக்குப் போடாமல் நடக்க முடியாது. பழைய வீடுகளில் நடை அவ்வளவு நீளம் போகாது. முன் அறையின் ஓரத்தில் ரேழி, அதோடு சரி. கூடத்துக்கு வந்துவிட்டால் தாழ்வாரமே நடை. உங்கள் வீட்டையும் அப்படி அடுக்கலாம்: படியும் திண்ணையும் 6 அடி, முன் அறை 12, கூடமும் முற்றமும் 18, சமையலும் சாப்பாடும் 12, பின் அறை 12. தனி நடை முன் அறை ஓரத்திலும் பின் அறை ஓரத்திலும் மட்டும், மொத்தம் 24 அடி, 72 சதுர அடி. எட்டுக்குப் பத்து முற்றம் 80 சதுர அடி. இரண்டும் சேர்ந்தாலும் 152தான். இடத்தைத் தின்பது எது என்று இன்ஜினியரிடமே கேளுங்கள்.

அடுத்தது வெளிச்சம். ஏழடி உயரத்தில் மேல்விளிம்பு உள்ள ஜன்னல் ஏறக்குறைய 14, 15 அடி ஆழத்துக்குத்தான் படிக்கிற அளவு வெளிச்சம் தரும். வாசல் பக்கம் 15, கொல்லைப் பக்கம் 15 போனால் நடுவில் 30 அடி இருட்டு. முற்றம் அந்த நடுவை இரண்டு பக்கமும் வெட்டித் திறக்கிறது. கட்டடம் 65 அடியைத் தாண்டினால் ஒரு முற்றம் போதாது. இரண்டாம் கட்டுக்கு, அதாவது வீட்டின் பின்பகுதிக்கு, இன்னொரு திறப்பு வேண்டும். நம் ஊரைப் போல ஈரமும் வெக்கையும் சேர்ந்த இடத்துக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு கேட்கிறது. 129 சதுர அடி அறைக்கு 21 சதுர அடிக்கு மேல். உங்களுக்குத் தந்த பிளானில் நடு அறைகளுக்கு ஜன்னல் வைக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக் கூடத்தில்தான் திறக்க வேண்டும்!

கண்ணாடியைப் பொறுத்தவரை, அது வெளிச்சத்தோடு வெயிலையும் இறக்கும், காற்றை இறக்காது. கும்பகோணத்தில் சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மூடிய கண்ணாடிக்குக் கீழே அந்த நாட்களில் யாரும் நிற்க மாட்டார்கள்.

முற்றம் கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. நடுமத்தியில் வைக்காதீர்கள். 14 அடியில் நடுவே வைத்தால் இரண்டு பக்கமும் மூன்றடிச் சந்துதான் மிஞ்சும். ஒரு பக்கச் சுவரை ஒட்டி எட்டடி எடுத்தால் மறுபக்கம் 6 அடி 3 அங்குலத் தாழ்வாரம் கிடைக்கும். ஊஞ்சல் போடலாம், ஆள் ஒதுங்கிப் போகவும் வழியிருக்கும். முற்றத்தின் பக்கச் சுவருக்கு வெள்ளை அடியுங்கள், கீழே இறங்கும் வெளிச்சம் கூடும். மாடி எழுப்பினால் சுவர் இருபதடி உயர்ந்துவிடும். அப்போது முற்றத்தின் நீளம் பத்தடிக்குக் குறைந்தால் அது கிணறு மாதிரி ஆகிவிடும். மேலே 12 மில்லி கம்பி, நாலங்குல இடைவெளியில், திருட்டுக்கும் குரங்குக்கும். மழைக்குப் பாலிகார்பனேட் போடுவதானால் தளத்தோடு ஒட்டாமல் சுற்றிலும் ஒன்றரை அடி தூக்கிப் போடுங்கள், ஓரம் இரண்டடி வெளியே நீளட்டும். தூக்காமல் மூடியவர்கள் இரண்டே கோடையில் ஷீட்டைக் கழற்றுகிறார்கள்.

ஓட்டுக் கூரையில் நாலு பக்கத் தண்ணீரும் முற்றத்தில்தான் கொட்டியது. கான்கிரீட் தளத்தில் அதைச் செய்யாதீர்கள். பத்து சென்டிமீட்டர் மழைக்கு 80 சதுர அடி முற்றத்தில் நேராக விழுவது 740 லிட்டர்தான். 800 சதுர அடி மாடித் தண்ணீரையும் அதில் விட்டால் இன்னொரு 7,400 லிட்டர் வந்து சேரும், ஐப்பசியில் கூடத்துக்குள் ஏறும். மாடி வாட்டம் வாசலுக்கும் கொல்லைக்குமாகப் பிரியட்டும். 400 சதுர அடிக்கு ஒரு நாலங்குலக் குழாய் என்பது பாதுகாப்பான கணக்கு. முற்றத்துத் தரை கூடத்தைவிட ஆறு அங்குலம் தாழ்வாக இருக்கட்டும். அதிலிருந்து வாசல் வரை தரைக்கடியில் போகும் நாலங்குலக் குழாய்க்கு 80 அடிக்கு ஓரடி வாட்டம், ஆக 40 அடிக்கு ஆறு அங்குலம். தெருச் சாக்கடையின் அடிமட்டத்தை அளந்து, இந்த ஆறையும் அந்த ஆறையும் கூட்டி, அதற்கு மேல்தான் பேஸ்மட்டத்தின் (வீட்டுத் தரையைத் தாங்கும் மேடையின்) உயரம். இந்த வரிசை மாறினால் பிறகு தரையை உடைப்பதைத் தவிர வழியில்லை.

வாசல் கதவும் கொல்லைக் கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். தெருவில் நின்றால் கொல்லை வாழை தெரிய வேண்டும். அந்தக் கோட்டில் கழிவறைக் கதவு மட்டும் வேண்டாம்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே பொதுச்சுவர். அவர்கள் வீட்டு உத்தரமும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் வீட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்போது சுவரில் எங்கள் பாதியை வெட்டிக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: கூடவே கூடாது. ஒன்றரை அடிப் பழைய சுவர் என்பது உள்ளே இரண்டு முகமும் பின்னிக் கட்டியது. ஒரு முகத்தை உரித்தால் மறுமுகம் தனியாக நிற்காது. உத்தரத்தின் முனை அநேகமாக நடுவைத் தாண்டி உங்கள் பக்கத்துக்கும் வந்திருக்கும். பத்திரத்தில் பொதுச்சுவர் என்று எழுதியிருந்தால் அதை ஒருவர் மட்டும் முடிவுசெய்து தொடவும் முடியாது.

சுவரை அப்படியே விட்டுவிட்டு, அதன் உள்முகத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி உங்கள் பில்லரை எழுப்புங்கள். அகலத்தில் கொஞ்சம் போகும், போகட்டும். பிரிக்கும் முன் இரண்டு வீட்டாரும் கூட நின்று, அவர்கள் வீட்டில் ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் வரும் சண்டையில் முக்கால்வாசி இந்த ஒரு தாளோடு நின்றுவிடும். உங்கள் உத்தரங்களை இழுக்காதீர்கள். சுவரோடு ஒட்ட அறுத்துவிட்டு முனையை உள்ளேயே விடுங்கள். இழுத்தால் கூடவே நாலு செங்கல் வரும்.

கடைக்கால் தோண்டுவதில்தான் ஆபத்து அதிகம். பழைய சுவரின் அடிமட்டம் பெரும்பாலும் மூன்று, நாலு அடிதான். அதை ஒட்டி அதைவிட ஆழமாக, நீளம் முழுக்க ஒரே நாளில் பொக்லைன் விட்டால் அடிமண் குழிக்குள் சரியும், சுவர் உங்கள் பக்கம் சாயும். நாலு நாலு அடித் துண்டாகப் பிரித்து, முதல் துண்டு, நாலாவது, ஏழாவது என்று விட்டு விட்டுத் தோண்டி, கான்கிரீட் போட்டு முடித்த பிறகே இடையில் உள்ளதைத் திறக்க வேண்டும். ஆள் வைத்துத் தோண்டுங்கள். மழை நாளில் குழியைத் திறந்து போடாதீர்கள்.

எல்லையோரப் பில்லருக்கு ஃபுட்டிங் (மண்ணில் உட்காரும் அகன்ற அடிப்பாகம்) உள்பக்கம் மட்டுமே நீளும். பாரம் ஓரத்தில் விழுவதால் அது தனியாக இருந்தால் சாயும். எதிரெதிர்ப் பில்லர்கள் இரண்டையும் அடியிலேயே ஒரு பீமால் இறுக்கிக் கட்டினால் ஒன்று சாயப் பார்ப்பதை மற்றது பிடித்துக்கொள்ளும். பதினாறடிதான் அகலம் என்பது இங்கே வசதி. பீம் சின்னது, செலவு குறைவு. வரைபடத்தில் இந்தக் குறுக்குப் பீம் இல்லையென்றால் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

இன்னொன்று, கட்டி முடித்த பிறகு யாரும் எட்ட முடியாத அந்த ஓர் அங்குலச் சந்து. மேலே திறந்திருந்தால் மழை அதற்குள் இறங்கி இரண்டு வீட்டுக்கும் ஓதம் கொடுக்கும். உயரமான சுவரில் காடி வெட்டி அலுமினியத் தகட்டைச் சொருகி, தாழ்ந்த சுவரின் தலைக்கு மேல் நாலங்குலமாவது மடிந்து விழும்படி விட வேண்டும். ஒரு முனையை மட்டும் பதியுங்கள். இரண்டு முனையையும் சிமென்ட் வைத்து இறுக்கினால் பழைய வீடு அசையும்போது கிழிந்துவிடும். சந்துப் பக்கம் சுவருக்கு வெளிப்பூச்சு பூச முடியாது. ஆகவே ஒவ்வொரு வரி கட்டும்போதும் செங்கல் இடுக்கில் கலவை நிறைந்திருக்கிறதா என்று உள்ளிருந்தே பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே தெரியும் பகுதிக்குச் சாரம் அவர்கள் பக்கம்தான் கட்டியாக வேண்டும். அந்த அனுமதியையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் கோடையில் தரை பாளம் பாளமாக வெடிக்கும் களிமண். புது வீடுகளிலும் இரண்டு வருடத்தில் ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் விடுகிறது. என்ன கடைக்கால் போடலாம்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இந்தக் களி தண்ணீர் குடித்தால் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும். மேலே இருக்கும் பத்துப் பதினோரு அடி மண் வருடத்துக்கு ஒரு முறை மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உட்காரும் எந்தக் கடைக்காலும் கூடவே ஏறி இறங்கும். மண்ணில் துளையிட்டு வார்க்கும், கீழ்ப்பகுதி குமிழாக விரியும் கான்கிரீட் தூணான அண்டர் ரீம்டு பைல் இதற்காகவே வந்தது. தண்டு 12 அங்குலம், குமிழ் 30 அங்குலம், ஆழம் பதினொன்றரை அடிக்குக் குறையாமல். பைலுக்குப் பைல் ஐந்தடிக்கு மேல் இடைவெளி. குறுகலான மனையில் எல்லையோரம் இரண்டே வரிசை போதும். முதலில் மண் பரிசோதனை செய்து, அந்த அறிக்கையை வைத்து ஆழத்தையும் எண்ணிக்கையையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் முடிவுசெய்யட்டும்.

பைல் சரியாகப் போட்டும் விரிசல் விட்ட வீடுகளில் பெரும்பாலும் கோளாறு பீமுக்கு அடியில் இருக்கும். பைல் தலைகளை இணைக்கும் பீமுக்கும் தரைக்கும் நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம் இருந்தாக வேண்டும். மணலைப் பரப்பி அதன்மேல் பீமை வார்த்து, இறுகிய பின் மணலை வாரி எடுத்து, இரண்டு பக்கமும் செங்கல் நிறுத்தி மண் உள்ளே சரியாமல் அடைப்பது முறை. வேலையாட்கள் நல்ல எண்ணத்தில் அந்தச் சந்தில் மண்ணைக் குத்தி நிரப்பிவிடுவார்கள். கார்த்திகையில் களி பெருக்கும்போது அது பீமை மேலே நெம்பும். பூசும் முன் நீங்களே ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள், தடையில்லாமல் மறுபக்கம் வர வேண்டும். அதேபோல, தோண்டிய களியைக் கொண்டே பேஸ்மட்டத்தை நிரப்பாதீர்கள். வண்டிச் செலவு பார்க்காமல் வெளியே தள்ளிவிட்டு, கிராவலோ மணலோ அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசு அடியுங்கள்.

காலம் முக்கியம். மேட்டூர் அணையை ஜனவரி 28ல் மூடி ஜூன் 12ல் திறப்பது வழக்கம். ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் இல்லாத அந்த இடைவெளியில், மாசி முதல் வைகாசிக்குள், நிலத்தடி நீர் இறங்கியிருக்கும்போது பைல் முடியட்டும். ஊற்று ஏறிய பிறகு துளையிட்டால் குமிழின் பக்கம் இடிந்து விழுந்துவிடும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. எந்த மாதமானாலும் துளையிட்ட அன்றே கான்கிரீட் போட்டுவிட வேண்டும்.

கேள்வி: மாடிப்படிக்கு எங்கே இடம்? சுழல்படி வைத்தால் இடம் மிச்சமாகுமா?
– வாசகி, திருவையாறு

பதில்: மிச்சமாகும். முட்டி வலிக்காரர்களும் கட்டிலும் பீரோவும்தான் ஏற முடியாது.

தரைக்குத் தரை பத்தரை அடி என்றால் 126 அங்குலம். ஏழு அங்குலப் படி பதினெட்டு. திரும்பி ஏறும் படிக்கு அகலத்தில் ஆறேகால் அடி போய்விடும். பதினாலடி வீட்டில் அது நடுவே சுவர் வைத்த மாதிரி. நேர்ப்படியை ஒரு பக்கச் சுவரோடு ஓட விடுங்கள். ஒன்பது ஏறி மூன்றடித் தட்டு, பிறகு ஒன்பது. மிதிக்கும் பலகை பத்து அங்குலம் வீதம் பதினாறுக்கு 13 அடி 4 அங்குலம், தட்டோடு 16 அடி 4 அங்குலம். அகலம் மூன்றடி. மொத்தம் 49 சதுர அடி. முதல் பதிலில் சொன்ன பதினெட்டடிக் கூடத்தில், தாழ்வாரப் பக்கச் சுவரை ஒட்டி, தலைக்கு மேல் ஏழடி இருக்கிற மாதிரி இது அடங்கும். தாழ்வாரத்தில் நடக்க மூன்றேகால் அடி மிஞ்சும். ஊஞ்சலா மாடிப்படியா என்று வீட்டில் முடிவுசெய்துகொள்ளுங்கள். பெரிய சாமான்களை முற்றத்தின் வழியாகக் கயிறு கட்டி மேலே ஏற்றலாம். கம்பி வலையில் ஒரு பகுதி திறக்கிற மாதிரி இருந்தால்.

தெருப்படிக்கு ஒரு சொல். பேஸ்மட்டம் மூன்றடி என்றால் ஆறு படி வேண்டும். அதை உங்கள் எல்லைக்குள்ளேயே, திண்ணையை வெட்டி இறக்குங்கள். தெருவில் நீட்டியதை என்றைக்காவது உடைப்பார்கள்.

கேள்வி: மனையின் முன்பக்கம் 17 அடி, பின்பக்கம் 14 அடி. அறைகளெல்லாம் கோணலாக வருகின்றன.
– வாசகர், திருவாரூர்

பதில்: பட்டா அளவை மட்டும் நம்பாமல், முன்னே, பின்னே, நடுவில் இரண்டு இடம் என நாலு இடத்தில் அளந்துகொள்ளுங்கள். கோணலை எல்லா அறைக்கும் பங்கு போடாதீர்கள். ஒரு பக்கச் சுவரை வைத்து மூலைமட்டம் பிடித்து அறைகளைச் சதுரமாக்கி, மறுபக்கம் மிஞ்சும் ஆப்பு வடிவத் துண்டைச் சுவர் அலமாரிக்கும் குழாய் இறங்கும் சந்துக்கும் கொடுங்கள். குறுகிய பின்கோடியில் குளியலறையும் துவைக்கும் இடமும்.

கேள்வி: கொல்லையில் கிணறு இருக்கிறது. செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் எங்கே வைப்பது?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: பத்துப் பேருக்கு டேங்க் உள்ளளவு ஆறரை அடி நீளம், மூன்றடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றேகால் அடிக்கு மேல், அதற்கு மேல் ஓரடி காலி. நீளவாக்கில் வையுங்கள், பக்கத்தில் நடக்க வழி இருக்கும். உறிஞ்சுகுழிக்குத்தான் வழியில்லை. குடிநீர்க் கிணற்றிலிருந்து 60 அடி, வீட்டிலிருந்து 20 அடி தள்ள வேண்டும். உங்கள் கிணற்றுக்குத் தள்ளினாலும் பக்கத்துக் கொல்லைக் கிணறு பத்தடியில் இருக்கும். களிமண்ணில் அது உறிஞ்சவும் செய்யாது. கார்த்திகையில் நிலத்தண்ணீர் ஏறி எல்லாம் மேலே வரும். தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் அதில் இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கழிவுநீர் வண்டியை அழைக்கும் செலவையும் கணக்கில் வைத்து, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் டேங்கை முழுக்கக் காலி செய்யச் சொல்லாதீர்கள். வெறும் டேங்க், அதுவும் பிளாஸ்டிக் டேங்க், ஊற்றுத் தண்ணீரில் படகு மாதிரி மேலே கிளம்பும்.

கேள்வி: அனுமதி வாங்குவது, வேலையைத் தொடங்குவது, எது முதலில், எந்தப் பக்கத்திலிருந்து?
– வாசகர், பாபநாசம்

பதில்: உங்கள் தெரு தொடர்கட்டடப் பகுதியா என்பதை முதலில் கேளுங்கள். அப்படியென்றால் சுவர் எல்லை வரை போகலாம். இல்லையென்றால் பக்க இடம் விட வேண்டியிருக்கும், மேலே சொன்ன எல்லாக் கணக்கும் மாறும். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் தெரு அகலம், மனை அகலம், கட்டட உயரம் மூன்றையும் பார்த்துத்தான் இடைவெளி முடிவாகிறது. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலையிலிருந்து இணையத்தில் சுயசான்று முறை (விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே சான்று கொடுப்பது) இருக்கிறது. மழைநீர் சேகரிப்பைப் பிளானிலேயே காட்டுங்கள்.

வேலை கொல்லையிலிருந்து வாசலுக்கு வர வேண்டும். முன்பக்கத்தை முதலில் எழுப்பினால் பின்னால் போகும் ஒவ்வொரு சட்டி ஜல்லிக்கும் கூலி இரட்டிப்பாகும். ரேழி இருக்கும் ஓரத்தில் நாலடி வழியைக் கடைசி வரை திறந்து வையுங்கள், தள்ளுவண்டி போக. கம்பி 40 அடி நீளத்தில் வருகிறது. பத்தடிச் சந்தில் லாரி திரும்பாது, ஆகவே வெட்டவேண்டிய அளவுப் பட்டியலைக் கடையில் கொடுத்து அங்கேயே வெட்டி வாங்குங்கள். மணலையும் செங்கல்லையும் இரண்டு நாள் வேலைக்கு மட்டும் இறக்குங்கள், எதிர்வீட்டார் பேசுவதை நிறுத்துவதற்குள்.